உப்புநீரில் விளக்கு எரியவில்லை, சர்க்கரைநீரில் எரிகிறது: அயனி, சகப்பிணைப்புச் சோதனையில் வரும் கோளாறுகளும் அவற்றைக் களையும் முறையும்

ஒன்பதாம் வகுப்பில் வேதிப்பிணைப்புப் பாடம் தொடங்கும்போதும், அறிவியல் கண்காட்சி நெருங்கும்போதும், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரப் பள்ளிகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே கருவியைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஒரு பேட்டரி, ஒரு சிறு விளக்கு, இரண்டு கரித்தண்டுகள், ஒரு முகவை ஆகியவற்றைக் கொண்டு, மின்னூட்டம் பெற்ற அயனிகளால் ஆன உப்பு போன்ற அயனிச் சேர்மத்தையும், அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு பிணைந்த சர்க்கரை போன்ற சகப்பிணைப்புச் சேர்மத்தையும் பிரித்துக் காட்டும் மின்கடத்தல் சோதனைதான் அது. உப்புநீரில் எரிய வேண்டிய விளக்கு எரிவதில்லை. சர்க்கரைநீரில் எரியக் கூடாத விளக்கு எரிகிறது. கண்ணால் கண்டதை எழுதுவதா, பாடத்தில் படித்ததை எழுதுவதா என்று மாணவர்கள் விழிக்கிறார்கள்.

இத்தகைய கோளாறுகளில் பாதிக்கு மேல் பேட்டரி, வயர், தண்ணீர் ஆகிய மூன்றில் ஒன்றோடு முடிந்துவிடும். எஞ்சியவற்றில் கருவி சரியாகவே வேலை செய்கிறது. நாம் அதனிடம் கேட்ட கேள்விதான் தவறு. அந்த விளக்கு பிணைப்பின் வகையைக் காட்டுவதில்லை. மின்னூட்டம் பெற்ற துகள்கள் அந்த நேரத்தில் நகரக்கூடிய நிலையில் இருக்கின்றனவா என்பதை மட்டுமே காட்டுகிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல அறிகுறிகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். பிணைப்பின் கோட்பாடு பாடநூலில் இருப்பதால், இங்கே அதற்குள் செல்லவில்லை.

நான் ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி இதுதான்: 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்று, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, அதனோடு தொடராக 470 ஓம் மின்தடை ஒன்று, பழைய டார்ச் செல்லிலிருந்து எடுத்துக் கழுவிய கரித்தண்டுகள் அல்லது இரு முனையும் சீவிய பென்சில்கள் இரண்டு. தண்டுகளை நேரடியாகத் தொடவைத்தால் ஏறத்தாழ 15 மில்லிஆம்பியர் பாயும், எல்.இ.டி. நன்றாக எரியும், தொட்டாலும் ஷாக் அடிக்காது. உங்கள் பள்ளியில் இருப்பது மரப்பலகையில் பொருத்திய 230 வோல்ட் பல்பும் சுவர் பிளக்குமாக இருந்தால், மேற்கொண்டு எதையும் செய்யாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இக்குறிப்பின் கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள்.

## அறிகுறி 1: உப்புக் கரைசலில் விளக்கு எரியவே இல்லை

முதலில் கரைசலை ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு தண்டுகளின் நுனிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பாருங்கள். அதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரியும்.

### தொடவைத்தாலும் எரியவில்லை என்றால்

வேதியியலுக்கு இதில் வேலையே இல்லை; மின்சுற்றில் எங்கோ அறுந்திருக்கிறது. எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதன் நீண்ட கால் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். அடுத்து பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பேட்டரியைப் பேசாமல் மாற்றிவிடுவதே நல்லது. அதன் பிறகு, கவ்விகள் தண்டைப் பிடிக்கும் இடத்தைப் பாருங்கள். சென்ற ஆண்டு உப்புநீர் பட்டு, துடைக்காமல் பெட்டிக்குள் போன கவ்விகளின் பற்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

பென்சிலைத் தண்டாகப் பயன்படுத்துபவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். வண்ணப் பென்சில் மின்சாரத்தைக் கடத்தாது. அதன் நடுவில் இருப்பது மெழுகும் நிறமியும்தான். சாதாரணப் பென்சிலிலும், கீழே விழுந்ததில் உள்ளுக்குள்ளேயே கரி உடைந்திருந்தால், வெளியே பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரு முனைகளுக்கும் இடையே பார்த்தால் தெரிந்துவிடும். இவை எல்லாம் சரியாக இருந்தும் எரியவில்லை என்றால் பற்றவைத்த இணைப்பு விட்டிருக்க வேண்டும். கைப்பேசி, வானொலி பழுது பார்க்கும் எந்தக் கடையிலும் சிறிது நேரத்தில் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

### தொடவைத்தால் எரிகிறது, கரைசலில் மட்டும் எரியவில்லை என்றால்

இங்கேதான் ஆசிரியர்கள் அதிகம் குழம்புகிறார்கள். விளக்கின் வகையை முதலில் பாருங்கள். பழைய இழை டார்ச் பல்புக்கு 200 முதல் 300 மில்லிஆம்பியர் வரை தேவை. மெல்லிய பென்சில் கரி இரண்டு வழியாக, ஒரு சிறு முகவை உப்புநீர் அவ்வளவு மின்னோட்டத்தைச் செல்லவிடாது. உப்புநீரில் மின்சாரம் பாய்ந்துகொண்டுதான் இருக்கும். பல்பின் இழை சிவக்கும் அளவுக்குப் பாயாது. தண்டுகளை உற்றுப் பார்த்தால், எதிர்முனையை ஒட்டி நுண்ணிய குமிழிகள் வரிசையாக ஏறுவது தெரியும். குமிழி வந்தால் மின்சாரம் பாய்கிறது என்று பொருள். பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி.யைப் பொருத்துவதே இதற்குத் தீர்வு.

எல்.இ.டி.யே இருந்தும் எரியாவிட்டால், எத்தனை வோல்ட் பேட்டரி என்று பாருங்கள். 1.5 வோல்ட் செல்கள் இரண்டை வைத்து 3 வோல்ட்டில் செய்தால், தண்டுகள் தொடும்போது சிவப்பு எல்.இ.டி. எரியும், கரைசலுக்குள் வைத்தவுடன் அணைந்துவிடும். எல்.இ.டி.யே ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. கரைசலில் தண்டுகளின் மேற்பரப்பில் வேதிவினை நடக்கவும் ஏறத்தாழ அதே அளவு மின்னழுத்தம் வேண்டும். 3 வோல்ட் இரண்டுக்கும் சேர்த்துப் போதாது. 9 வோல்ட் பேட்டரிக்கு மாறினால் இந்தக் கோளாறு மீண்டும் தலைகாட்டாது.

கடைசியாகத்தான் கரைசலைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு முகவைக்கு ஒரு சிட்டிகை உப்பு போதாது. ஒரு தேக்கரண்டியாவது போட்டு முழுவதும் கரையும்வரை கலக்குங்கள். தண்டுகளின் நுனி மட்டும் நனைந்தால் போதாது. ஒரு விரல்கடை அளவாவது மூழ்க வேண்டும், இரண்டும் நெருக்கமாகவும் இருக்க வேண்டும்.

## அறிகுறி 2: எரியத் தொடங்கி, சற்று நேரத்தில் மங்குகிறது, நெடி வருகிறது, நீர் கலங்குகிறது

மங்குவதற்கு எளிய காரணம் குமிழி. தண்டின் மேற்பரப்பை வாயு மூடிக்கொள்கிறது. தண்டை இலேசாக அசைத்தால் வெளிச்சம் திரும்பும். திரும்பாவிட்டால் பேட்டரி சோர்ந்திருக்கிறது.

நீர் எந்த நிறத்தில் கலங்குகிறது என்பது, நீங்கள் எதைத் தண்டாக வைத்தீர்கள் என்பதைச் சொல்லிவிடும். கரித்தண்டு இல்லையென்று இரும்பு ஆணியை வைத்தால், நேர்முனை அரிக்கப்பட்டு, நீர் முதலில் பசுமையாகவும் பிறகு துருநிறமாகவும் மாறும். செம்புக் கம்பியை வைத்தாலும் கலங்கல் வரும். இரண்டிலும் தண்டின் உலோகமே அயனியாகிக் கரைசலில் இறங்குகிறது என்பதால், நீங்கள் சோதிக்க வந்த பொருள் எது, தண்டிலிருந்து வந்தது எது என்று பிரித்தறிய முடியாது. கரிதான் வேண்டும். கரியிலும் நேர்முனைத் தண்டு மெல்லத் தேய்ந்து கருந்தூளை உதிர்க்கும், அது பழுதல்ல. உப்புநீரை மின்னாற்பகுக்கும் பெரிய ஆலைகளுக்கும் இதே தொல்லை இருந்தது. அங்கே தேயும் கிராஃபைட்டுக்கு மாற்றாக டைட்டானியத்தை அடித்தளமாகக் கொண்ட நேர்மின்முனைகளை இந்தியாவில் உருவாக்கியது நம் காரைக்குடியிலேயே உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட நிறுவனம் அது. அதன் மதிலை ஒட்டிய தெருக்களில் உள்ள பிள்ளைகள் கரித்தண்டு ஏன் தேய்கிறது என்று கேட்டால், விடை தொலைவில் இல்லை.

நெடி பற்றி விளையாட்டாக இருக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் வாடை வந்தால், அது நேர்முனையில் உருவாகும் குளோரின். உப்புக் கரைசலில் சோதனையைப் பத்து நொடிக்குமேல் நீட்டாமல், விளக்கு எரிவதைப் பார்த்தவுடன் தண்டுகளை எடுத்துவிட்டால் வாடை வருமளவுக்குச் சேராது. கதவு, சன்னல்களைத் திறந்து வையுங்கள். நாற்பது மாணவர்கள் மூடிய ஆய்வகத்தில் ஒரே நேரத்தில் செய்தால், ஒவ்வொருவருடையதும் சிறிதாக இருந்தாலும் சேர்ந்தால் தொண்டை கரகரக்கும்.

## அறிகுறி 3: சர்க்கரைக் கரைசலிலும் விளக்கு எரிகிறது

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. எனவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சர்க்கரையை ஒதுக்கிவிட்டு, அது கரைக்கப்பட்ட தண்ணீரில் மட்டும் தண்டுகளை வைத்துப் பாருங்கள்.

### வெறும் தண்ணீரிலேயே எரிகிறது என்றால்

பாத்திரத்தைப் பாருங்கள். முகவைக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளரில் செய்திருந்தால், இரு தண்டுகளும் டம்ளரின் சுவரைத் தொட்டு அதன் வழியாகவே சுற்று முடிந்திருக்கும். நம் பக்க வீடுகளில் தாராளமாகக் கிடைக்கும் எனாமல் கிண்ணத்தில் அந்தப் பூச்சு மின்சாரத்தைத் தடுத்துவிடும் என்றாலும், விளிம்பு உரிந்து உள்ளிருக்கும் இரும்பு தெரிந்தால் அதையும் நம்ப முடியாது. கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்துக்கு மாறுங்கள்.

பாத்திரம் சரியென்றால் தண்ணீர்தான் காரணம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம், சோடியம் உப்புகள் கரைந்திருக்கும், அதில் எல்.இ.டி. தெளிவாகவே எரியும். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் நாக்குக்கு எவ்வளவு இனித்தாலும் அதுவும் உப்புகள் கரைந்த தண்ணீர்தான். ஆர்.ஓ. எந்திரத் தண்ணீரிலும் உப்பு முற்றிலும் நீங்கிவிடுவதில்லை, இன்றைய எல்.இ.டி.க்கள் ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்திலேயே மினுங்கத் தொடங்கிவிடுவதால், அந்தச் சொற்ப உப்பும் காட்டிக்கொடுத்துவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்காக விற்கப்படும் வாலை வடிநீர் ஒரு குப்பி வாங்கினால் பிரச்சினை தீரும். திறந்து பல மாதம் ஆன குப்பி வேண்டாம்.

### வெறும் தண்ணீரில் எரியவில்லை, சர்க்கரை சேர்த்தபின் எரிகிறது என்றால்

தண்டுகளை உப்புநீரிலிருந்து எடுத்து அப்படியே சர்க்கரைநீரில் வைத்தார்களா என்று கேளுங்கள். பத்தில் எட்டு தடவை இதுவே விடையாக இருக்கும். ஒவ்வொரு கரைசலுக்கும் இடையே தண்டுகளை வடிநீரில் கழுவித் துடைக்க வேண்டும். கலக்கும் கரண்டிக்கும் அதே விதி. இன்னும் எளிய வழி, சகப்பிணைப்புப் பொருள்களை எல்லாம் முதலில் முடித்துவிட்டு உப்பைக் கடைசியாக வைத்துக்கொள்வது.

கழுவிய பிறகும் எரிகிறது என்றால், என்ன சர்க்கரை என்று பாருங்கள். வெள்ளைச் சீனி ஏறத்தாழ தூய சுக்ரோஸ். அதன் கரைசலில் எரியக் கூடாது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி ஆகியவற்றில் பொட்டாசியம் முதலிய தாது உப்புகள் கலந்தே இருக்கும். அவற்றின் கரைசலில் எல்.இ.டி. எரிவது நியாயமானதே. இதைத் தோல்வியாகக் கருதாமல், சீனிக் கரைசலையும் கருப்பட்டிக் கரைசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், சர்க்கரை மூலக்கூறு மின்சாரத்தைக் கடத்தவில்லை, அதோடு வந்த உப்புதான் கடத்துகிறது என்பது வகுப்புக்கு ஒரு பார்வையில் விளங்கிவிடும்.

## அறிகுறி 4: உலர்ந்த கல் உப்பிலேயே விளக்கு மினுங்குகிறது

திண்ம நிலையில் அயனிகள் படிகத்துக்குள் தத்தம் இடத்தில் கட்டுண்டு கிடப்பதால் மின்சாரம் பாயக் கூடாது. பாய்கிறதென்றால் உப்பு உலர்ந்ததாக இல்லை. கல் உப்போடு கலந்து வரும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு ஜாடியின் அடியில் நீர் கோத்து நிற்பதை எல்லா வீடுகளிலும் பார்த்திருக்கலாம். வாணலியில் போட்டு மெல்லிய சூட்டில் வறுத்து, ஆறவைத்து, உடனே சோதித்தால் விளக்கு எரியாது. முற்றத்து வெயிலில் காயவைத்தால் வெயில் காலத்தில் போதும், மழைக்காலத்தில் போதாது. கை ஈரத்தோடு படிகத்தைத் தொடவும் வேண்டாம்.

## அறிகுறி 5: சகப்பிணைப்புச் சேர்மம் என்று சொல்லிவிட்டு வைத்த கரைசலில் விளக்கு நன்றாக எரிகிறது

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்தான் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழும். ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக இருக்கும்போது சகப்பிணைப்புச் சேர்மமே. தண்ணீரோடு சேர்ந்தவுடன் அது வினைபுரிந்து ஹைட்ரோனியம், குளோரைடு அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. விளக்கு காட்டுவது அந்த அயனிகளை. இது கருவிப் பழுதல்ல. மாணவர் "சகப்பிணைப்பு, எனவே எரியாது" என்று எழுதிய வரிதான் பழுது. வினிகர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல் ஆகியவற்றில் எல்.இ.டி. எரியும், ஆனால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைவிட மங்கலாக எரியும். அவற்றிலுள்ள அமிலங்கள் ஒரு பகுதியே அயனியாகின்றன.

சரிபார்க்கும் முறை எளிது. சந்தேகப்படும் பொருளோடு அதே அளவு சீனியையும் தனியே கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். சீனிக் கரைசலில் விளக்கு எரியாமல், அந்தப் பொருளின் கரைசலில் எரிந்தால், அது தண்ணீரில் அயனிகளைத் தருகிறது என்பது உறுதி. ஆனால் கரையுமுன் அதற்குள் இருந்த பிணைப்பு அயனிப் பிணைப்புதான் என்பது உறுதியல்ல. இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுவதால்தான் தேர்வில் மதிப்பெண் போகிறது.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம்: நாம் கையில் பிடித்திருக்கும் கரித்தண்டே சகப்பிணைப்புகளால் ஆனதுதான். கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்று அண்டைக் கார்பன்களோடு பிணைந்தது போக, எஞ்சிய எலக்ட்ரான் அடுக்கு முழுவதும் உலவுவதால் அது மின்சாரத்தைக் கடத்துகிறது. சகப்பிணைப்பு என்றாலே கடத்தாது என்று அடித்துச் சொல்பவருக்கு, அவருடைய கருவியையே சாட்சியாகக் காட்டலாம்.

## அறிகுறி 6: அயனிச் சேர்மம்தான், ஆனாலும் எரியவில்லை

தண்டுகள் தொட்டால் எரிகிறது, உப்புநீரில் எரிகிறது, ஆனால் சுண்ணாம்புக்கல் தூளில் எரியவில்லை என்றால், முகவையின் அடியைப் பாருங்கள். தூள் அப்படியே படிந்து கிடக்கும். கால்சியம் கார்பனேட், பேரியம் சல்பேட், வெள்ளிக் குளோரைடு ஆகியவை அயனிச் சேர்மங்களாக இருந்தும் தண்ணீரில் கரைவது மிகமிகச் சொற்பம். கரையாத படிகத்திலிருந்து அயனிகள் வெளியே வராததால் விளக்குக்கு வேலையில்லை.

இதைக் காட்ட நம் ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது. வெற்றிலைக் கடையில் வாங்கிய சுண்ணாம்பைச் சிறிதளவு வடிநீரில் கலக்கி, தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரில் தண்டுகளை வையுங்கள், எல்.இ.டி. பளிச்சென்று எரியும். ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராமுக்கும் குறைவாகவே கரைகிறது என்றாலும், அந்தக் கால்சியம் ஹைட்ராக்சைடு போதும். பிறகு, பழைய வீட்டில் பெயர்ந்து விழுந்த சுண்ணாம்புப் பூச்சிலிருந்து ஒரு துண்டைப் பொடித்து, வடிநீரில் ஓரிரு முறை அலசி, மீண்டும் புதிய வடிநீரில் கலக்கிச் சோதியுங்கள். விளக்கு எரியாது, அல்லது இருட்டில் மட்டும் தெரியும் அளவுக்கு மினுங்கும். சுவரில் ஏறிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உள்வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிட்டது. இரண்டும் அயனிச் சேர்மங்களே. ஒன்று சற்றே கரைகிறது, மற்றது கரைய மறுக்கிறது. அலசாமல் சோதித்தால், சுவரில் பூத்த உப்பு ஏமாற்றிவிடும் என்பதை மறக்க வேண்டாம். சுண்ணாம்பைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு.

## அறிகுறி 7: உருகுநிலைச் சோதனை தலைகீழாக வருகிறது

அயனிச் சேர்மங்கள் உயர்ந்த வெப்பநிலையிலும் சகப்பிணைப்புச் சேர்மங்கள் குறைந்த வெப்பநிலையிலும் உருகும் என்று காட்டுவதே இந்தச் சோதனை.

உப்பு உருகவே இல்லை. உருகாது. சோடியம் குளோரைடின் உருகுநிலை 801 டிகிரி செல்சியஸ். ஸ்பிரிட் விளக்கில் வைத்த சாதாரணச் சோதனைக்குழாயின் கண்ணாடி அதற்கு முன்பே இளகிவிடும். "மெழுகு உருகியது, உப்பு உருகவில்லை" என்ற ஒப்பீடே போதுமானது.

உப்பு படபடவென வெடித்துத் தெறிக்கிறது. படிகத்துக்குள் சிறைப்பட்ட நீர் ஆவியாகி உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்ட கல் உப்பு வெடிப்பதும் இதனால்தான். பொடித்து வறுத்த உப்பைப் பயன்படுத்துங்கள். கண்ணாடி அணியாமல் குனிந்து பார்க்க வேண்டாம்.

சர்க்கரை உருகாமல் கருகுகிறது. சுக்ரோஸ் ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும்போதே சிதையவும் தொடங்கிவிடும். தீயைக் குறைத்து, மணல் நிரப்பிய தட்டின்மேல் வைத்துச் சூடாக்கினால் உருகும் தருணத்தைப் பிடிக்கலாம். அதைவிட, 80 டிகிரியில் உருகும் நாப்தலீன் அந்துருண்டையை வெந்நீரில் நிறுத்திய குழாயில் காட்டுவது எளிது. கடையில் கிடைக்கும் உருண்டைகளில் சில வேறு பொருளால், அதாவது பாராடைகுளோரோபென்சீனால், ஆனவை. அது 53 டிகிரியிலேயே உருகிவிடும். நிறைவுற்ற உப்புநீரில் போட்டால் நாப்தலீன் மிதக்கும், மற்றது மூழ்கும். இரண்டும் சகப்பிணைப்புச் சேர்மங்களே என்பதால் முடிவு மாறாது. எண்ணை எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும்.

படிகாரம் அயனிச் சேர்மம்தானே, ஏன் மெழுகைப் போல உருகுகிறது? இது உண்மையிலேயே நல்ல கேள்வி. படிகாரத்தின் படிகத்துக்குள் நீர் மூலக்கூறுகள் கட்டுண்டு இருக்கின்றன. 92 டிகிரிக்குச் சற்று மேலே சூடானதும், அது தன் படிக நீரிலேயே கரைந்து திரவமாகிறது. தொடர்ந்து சூடாக்கினால் நீர் ஆவியாகி, பொங்கி, நாட்டு மருந்துக் கடையில் பொரித்த படிகாரம் என்று தரப்படும் நுரைத்த வெள்ளைக் கட்டியாக நின்றுவிடும். பிறகு அதே தீயில் உருகாது. எனவே சோதனைக்குப் படிக நீர் இல்லாத உப்பைத் தேர்ந்தெடுங்கள். சலவைச் சோடாப் படிகம், ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சகப்பிணைப்புச் சேர்மமான மணல் ஏன் உருகவில்லை? சிலிக்கன் டைஆக்சைடில் தனித்தனி மூலக்கூறுகளே இல்லை. படிகம் முழுவதும் சகப்பிணைப்புகளின் ஒரே வலையாகப் பின்னப்பட்டிருப்பதால் 1,700 டிகிரி அளவில்தான் உருகும். குறைந்த உருகுநிலை என்பது மெழுகு, நாப்தலீன் போலத் தனித்தனி மூலக்கூறுகளாக இருக்கும் சகப்பிணைப்புச் சேர்மங்களின் இயல்பு மட்டுமே. பாடக்குறிப்பில் இந்த ஒரு சொற்றொடரைச் சேர்த்துக்கொண்டால் கோளாறு நீங்கிவிடும்.

## அறிகுறி 8: சர்க்கரை மண்ணெண்ணெயில் கரையவில்லை

சகப்பிணைப்புச் சேர்மங்கள் தண்ணீரில் அல்லாமல் மண்ணெண்ணெய் போன்ற கரிமக் கரைப்பான்களில் கரையும் என்ற பொதுவிதியை நம்பிச் செய்யும் சோதனை இது. சர்க்கரை கரையாது, விட்டுவிடுங்கள். சர்க்கரை மூலக்கூறு முழுவதும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருப்பதால் அது தண்ணீரையே நாடும். யூரியாவும் அப்படியே. கரைதிறனைக் காட்ட வேண்டுமென்றால் மெழுகையோ நாப்தலீனையோ எடுத்துக்கொள்ளுங்கள். அருகில் தீ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில், மின்கடத்தல், உருகுநிலை, கரைதிறன் ஆகிய மூன்று சோதனைகளில் கரைதிறன்தான் மிகவும் நம்பத்தகாதது. நேரம் குறைவாக இருந்தால் முதலில் விட வேண்டியதும் அதுவே.

## அறிகுறி 9: விளக்கு சரியாகச் சொல்கிறது, 1.7 கணக்கு ஒத்துவரவில்லை

எலக்ட்ரான்கவர்திறன் (பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன்பக்கம் இழுக்கும் திறன்) வேறுபாடு 1.7-க்கு மேல் என்றால் அயனிப் பிணைப்பு, கீழே என்றால் சகப்பிணைப்பு என்ற அளவுகோலைப் பாலிங் அளவீட்டு எண்களோடு போட்டுப் பார்க்கும் மாணவர்கள், சோடியம் குளோரைடில் 2.23 வந்ததும் மகிழ்ந்து, ஹைட்ரஜன் ஃபுளூரைடில் 1.78 வந்ததும் திகைப்பார்கள். அது 20 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடும் சகப்பிணைப்புச் சேர்மம். சோடியம் ஹைட்ரைடில் 1.27 மட்டுமே வரும். அதுவோ அயனிச் சேர்மம். முதலில் கழித்தலைச் சரிபாருங்கள், அடுத்து இரு எண்களும் ஒரே அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டவையா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் கணக்கில் பிழையில்லை, 1.7 என்பது வேலியல்ல, நடுவில் போட்ட தோராயக் கோடு. உலோகமும் அலோகமும் சேர்ந்ததா, உருகுநிலை என்ன, உருகிய நிலையில் கடத்துகிறதா என்ற கேள்விகளுக்குத்தான் அதிக எடை தர வேண்டும். உலோகம் சேர்ந்திருந்தும், நீரற்ற அலுமினியம் குளோரைடு 180 டிகிரி அளவில் உருகாமலேயே ஆவியாகி, அதாவது பதங்கமாகிவிடுவதைப் பார்த்தால், கோட்டின் இருபுறமும் கால் வைத்து நிற்கும் சேர்மங்கள் உண்டு என்பது புலனாகும்.

## எந்த இடத்தில் நிறுத்தி ஆளைக் கூப்பிட வேண்டும்

230 வோல்ட் பலகையைப் பழுது பார்க்க முயலாதீர்கள். அந்தப் பல்பு எரியாமல் இருக்கும்போதும் தண்டுகளில் மின்சாரம் இருக்கக்கூடும். உப்புநீர் பட்ட கை அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு அதைக் கழற்றிவிட்டு, பேட்டரிக் கருவிக்கு மாறுங்கள். பேட்டரிக்குப் பதிலாக அடாப்டர் வைத்திருந்து அது சூடேறினாலோ, கருகல் வாடை வந்தாலோ, தொடும்போது சுரீரென்று இழுத்தாலோ, அதற்கும் இதே விதிதான்.

உருகிய அயனிச் சேர்மம் கடத்துவதை நேரில் காட்ட விரும்பும் ஆசிரியர்கள், 334 டிகிரியில் உருகும் பொட்டாசியம் நைட்ரேட்டைப் பீங்கான் மூசையில் உருக்குவதுண்டு. அது ஆக்சிஜனேற்றி; கரித்தூள், காகிதம், சர்க்கரை எதுவும் அருகில் வரக் கூடாது; சூடேறிய உருகலில் கரித்தண்டையும் இறக்கக் கூடாது, நிக்கல் அல்லது எஃகுக் கம்பிதான் பொருந்தும். பழக்கமில்லாதவர்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில், அங்குள்ளவர் கையால் செய்துகாட்டக் கேட்டுக்கொள்வதே முறை. பழைய கையேடுகளில் உள்ள காரீய புரோமைடு சோதனையைப் பள்ளியில் செய்யவே வேண்டாம். அதன் புகை நச்சுத்தன்மை உடையது.

குளோரின் நெடியில் யாருக்காவது இருமல் நிற்காமலோ மூச்சு இழுத்துக்கொண்டோ இருந்தால், உடனே வெளிக்காற்றுக்கு அழைத்துவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். கண்ணில் அமிலமோ சுண்ணாம்போ பட்டால், முதலில் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகும் வடிநீரிலும் விளக்கு எரிகிறது, சீனிக் கரைசலிலும் எரிகிறது என்றால், எல்.இ.டி.யை விட்டுவிட்டு மின்கடத்துத்திறன் மீட்டரில் அளக்க வேண்டும். அந்த மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது: 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலை 25 டிகிரியில் வைத்து அளந்தால், சென்டிமீட்டருக்கு 1,413 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டும். அதை ஒட்டிய எண் வந்தால் மீட்டர் சரி, குப்பித் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எண் வெகுவாக விலகினால், மீட்டரின் மின்முனையை வடிநீரில் கழுவி ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, அப்போதும் திருந்தாவிட்டால் அதை விற்றவரிடமே அனுப்பி அளவுத்திருத்தம் செய்து வாங்குங்கள்.